மூன்றாவது ராஜாவின் இடம்

மலாக்காவின் கஜா பெராங்கில் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது என்று காலண்டரைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் அந்தக் காலத்தில் யாருமில்லை. மூக்கே சொல்லிவிடும். டிசம்பர் பிறந்ததும் தமிழ்ச் சபையைச் சுற்றியிருந்த பலகை வீடுகளில் அச்சுமுறுக்கு வேகும் வாசம் கிளம்பும். கிளேபாங் கடற்கரையில் வெட்டிய ரூ என்கிற சவுக்கு மரக்கிளை ஏதாவதொரு சைக்கிளின் பின்னால் ரோட்டைக் கூட்டிக்கொண்டே வந்து சேரும். பழைய தலையணையைக் கிழித்து, உள்ளே இருந்த பஞ்சைப் பிய்த்து அந்தக் கிளை முழுக்க ஒட்டுவார்கள். பனியாம்! முதுகில் வேர்வை ஊற்ற ஊற்ற மரத்துக்குப் பனி ஒட்டிய ஜனங்கள் உலகத்திலேயே நம் ஜனங்களாகத்தான் இருக்கும். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பஞ்சைப் பார்த்தால்தான் அவர்களுக்குப் பண்டிகை வந்த மாதிரி இருக்கும்.

அதற்கப்புறம் நாடகம். அடேயப்பா, அந்த நாடகத்துக்கு இருந்த மவுசு! கடைக்கார அப்துல் ஹமீது தன் கேஸ் விளக்கை இரவல் கொடுப்பார். அக்கம்பக்கத்து இந்துக்கள் பாயோடு வந்து முன்வரிசையைப் பிடித்துவிடுவார்கள். மலாக்காச் செட்டிகள் குடியிருந்த செட்டிக் கம்பத்திலிருந்து வருகிறவர்களுக்கு மலாய்ப் பேச்சுதான். நாடகத்துத் தமிழ் அவ்வளவாகப் புரியாது. ஆனாலும் கழுதை வந்ததும் அவர்கள்தான் முதலில் கைதட்டுவார்கள். கழுதை என்றால் கோணிச் சாக்குக்குள் நுழைந்த இரண்டு ஆம்பிளைகள். முன்னால் இருப்பவர் ஒரு பக்கம் போக, பின்னால் இருப்பவர் இன்னொரு பக்கம் போக, மரியாளாக நடிக்கிற பெண்பிள்ளை இறங்கி நடந்தே பெத்லகேம் போய்ச் சேர்ந்த வருஷமும் உண்டு.

கடைசியில் வருவார்கள் மூன்று ராஜாக்கள். பொழுது சாய்கிற நேரத்தில் தையல் வேலை செய்யும் அன்னபாக்கியம் வீட்டிலிருந்து புறப்பட்டு, கிரீடமும் அங்கியுமாக ரோட்டோரமாய் நடந்து கோயிலுக்குள் நுழைவார்கள். மூன்று என்று பேச்சுக்குச் சொல்வதுதான். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு இரண்டு ராஜாக்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸர் நல்லையா, இன்னொருவர் சைக்கிள் கடை ஆசீர்வாதம். அவர்கள் இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் இருக்கும். கூட்டம் எவ்வளவு நெருக்கினாலும் அந்த இடத்தில் யாரும் கால் வைக்கமாட்டார்கள். அந்த மூன்றாவது ராஜாவின் கிரீடத்தை நல்லையா இடது கையில் ஏந்தி வந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பார். கஜா பெராங் தமிழ்ச் சபையைத் தவிர வேறெங்கும் இப்படி ஒரு வழக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த இடம் வேதமாணிக்கத்தின் இடம். அன்னபாக்கியத்தின் வீட்டுக்காரர்.

மலாக்கா ஸ்டேஷனில் தண்டவாளக் கூலிகளை மேய்க்கும் மண்டோராக இருந்த மனுஷன். நெடுநெடுவென்று வளர்த்தி. பிஸ்கட் தகரத்தை வெட்டித் தானே கிரீடம் செய்து, சிகரெட் பெட்டித் தங்கக் காகிதத்தை அதில் ஒட்டினார். அந்தக் கிரீடத்தோடு ஒரு வருஷமாவது நிலைப்படியில் இடிக்காமல் உள்ளே போனது கிடையாது. இடித்ததும் கிரீடம் கண்ணை மறைக்கும். ராஜா தட்டுத் தடுமாறி முழங்காலிட்டு, பிள்ளை இருக்கிற திசையை விட்டுவிட்டு ஆர்மோனியப் பெட்டியைப் பார்த்துக் கும்பிடுவார். சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். வீட்டுக்கு வந்ததும் அன்னபாக்கியம் கேட்பாள்: "வேணும்னேதான இடிச்சீங்க?" அவர் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் அச்சுமுறுக்கைக் கடித்துக்கொண்டிருப்பார். எவ்வளவு நல்ல காலம் அது! அவளுக்கு அதை நினைத்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். அப்புறம்தான் மற்றதெல்லாம் வரும்.

ஜப்பான்காரன் வந்தான். மலாக்காவிலிருந்து தம்பினுக்குப் போகிற தண்டவாளத்தை அடியோடு பிடுங்கி, புது ரயில் பாதை போடச் சயாமுக்கு ஏற்றினான். பிடுங்கத் தெரிந்தவனுக்குப் போடவும் தெரியும் என்று, பிடுங்கிய ஆட்களையும் கூடவே ஏற்றிக்கொண்டான். காலையில் வேலைக்குப் போன வேதமாணிக்கம் அப்படியே போனவர்தான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அரை வயிற்றுக் கஞ்சியோடுதான் சபை கூடியது. மூன்றாவது ராஜாவாக யாரைப் போடலாம் என்று பேச்சு வந்தபோது நல்லையாவும் ஆசீர்வாதமும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்: "மாணிக்கம் வர்ற வரைக்கும் அவன் எடம் அவனுக்குத்தான்."

யுத்தம் முடிந்தது. பிழைத்தவர்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அவர்களில் ஒருவன் வேதமாணிக்கத்தை ஆஸ்பத்திரிக் கொட்டகையில் பார்த்தேன் என்றான். இன்னொருவன், இல்லை, ஆற்றுக்கு மேலே மூங்கில் வெட்டுகிற இடத்தில் நன்றாக இருந்தார் என்றான். காலரா வந்த முகாம் என்று மூன்றாவது ஆள் இழுத்தான். செத்ததைப் பார்த்தேன் என்று சொன்னவன் ஒருவனுமில்லை. ஆகவே இடமும் அப்படியே இருந்தது. ஒரு வருஷத்துக்குத்தான் இருக்கும் என்று நினைத்து விட்ட இடம் பதினான்கு வருஷம் நின்றது. அதை மூடச் சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

அன்னபாக்கியம் துணி தைத்துப் பிழைத்தாள். தாலியைக் கழற்றவில்லை. தலையில் பூ வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் ஒரு பேச்சு. சபையில் அவளைச் சுமங்கலிகளோடு உட்கார வைப்பதா, விதவைகளோடு உட்கார வைப்பதா என்று தெரியாமல் பெண்கள் முழித்தபோது, அவளே ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். வருஷம் முழுவதும் அவளுக்கு அவர் உண்டா இல்லையா என்று தெரியாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் மட்டும் தெரியும். இரண்டு ராஜாக்களுக்கு நடுவில் அந்த வெற்றிடம் அவள் வீட்டுப் படியிறங்கி நடந்து போகும்போது, அவர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.

வெள்ளைக்காரன் கொடி இறங்கி நாட்டுக் கொடி ஏறிய வருஷம் சபைக்குப் புதுப் போதகர் வந்தார். பெயர் ஞானசிகாமணி. சிங்கப்பூரில் வேதம் படித்தவர், இளவயசு, ஒல்லி. நல்ல மனுஷர்தான், குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் வேதத்தில் இல்லாத எதையும் கண்டால் அவருக்குத் தூக்கம் வராது. நாடு புதுசாகியிருக்கிறது, நாமும் புதுசாவோம் என்று ஆரம்பித்தார். டிசம்பர் முதல் புதன்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் எல்லாரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்.

"இயேசு டிசம்பர் இருபத்தஞ்சுல பிறந்தார்னு வேதத்துல எங்க இருக்கு?"

இரண்டு பேர் வேதத்தை அவசரமாகப் புரட்டினார்கள்.

"எங்கயும் இல்ல. சரி, மரியாள் கழுதையில ஏறிப் போனாங்கன்னு எங்க இருக்கு?"

கழுதையின் முன்பாதியும் பின்பாதியும் தலையைக் குனிந்துகொண்டன.

"இடமில்லைன்னு கதவைச் சாத்துற சத்திரக்காரன்? சத்திரத்துல இடமில்லைன்னு ஒரு வரி இருக்கு. சத்திரக்காரன்னு ஒரு ஆள் கிடையாது. தேவதூதர்கள் பாடினாங்களா? துதிச்சுச் சொன்னாங்கன்னுதான் லூக்கா எழுதியிருக்கார்."

இதைக் கேட்டதும் நல்லையாவுக்குப் பொறுக்கவில்லை. பாட்டுக்குழுத் தலைவர் அவர்தான். "அப்ப நாங்க பாடுறது வேண்டாமா, ஐயா? தேவதூதருங்க சும்மா பேசிட்டுப் போனாங்களா லா?" என்றார். கூட்டம் சிரித்தது. போதகரும் சிரித்துவிட்டு, பாடலாம், தப்பில்லை என்று விட்டுக்கொடுத்தார்.

ஆனால் அடுத்து ராஜாக்களிடம் வந்தார். "மத்தேயு ராஜாக்கள்னு சொல்லல, சாஸ்திரிகள்னு சொல்றார். மூணு பேர்னும் சொல்லல. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம்னு காணிக்கைதான் மூணு. அவங்க முன்னணைத் தொட்டிலுக்கும் வரல, வீட்டுக்குள்ள வந்தாங்கன்னு இருக்கு. அதனால இந்த வருஷம் கிரீடம் வேண்டாம். மூணுங்கிற கணக்கும் வேண்டாம். நடுவுல ஒரு இடம் விட்டு நடப்பீங்களாமே, எதுக்குன்னு எனக்குப் புரியல. அதுவும் வேண்டாம்."

ஆசீர்வாதம் தொண்டையைக் கனைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். எல்லாருடைய கண்ணும் ஸ்டூலில் இருந்த அன்னபாக்கியத்தின் பக்கம் போய்த் திரும்பியது. அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியவள் அவள். அவளே வாய் திறக்காதபோது மற்றவர்கள் எந்த முகத்தோடு திறப்பது? போதகர் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஜெபம் பண்ணி முடித்தார்.

வெளியே வந்ததும் நல்லையா அவளிடம் ஓடிவந்தார். "தங்கச்சி, நான் போய் வெவரத்தச் சொல்றேன். அவருக்குத் தெரியாது பாவம். தெரிஞ்சா விட்டுருவாரு."

"வேணாண்ணே," என்றாள். "பாவம் பாத்து விட்டா அது பிச்சை."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். வீட்டுக்கு வந்து தகரப்பெட்டியைத் திறந்து கிரீடத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். இத்தனை காலமும் ஜப்பான்காரனாலும் முடியவில்லை, காலராவாலும் முடியவில்லை, ஊர்வாயாலும் முடியவில்லை. நேற்று வந்த போதகர் ஒரு வார்த்தையில் அவள் புருஷனை ரோட்டிலிருந்து இறக்கிவிட்டாரே!

பக்கத்து வீட்டுக் கமலவேணி வாசல் வழியாக எட்டிப் பார்த்தாள். தீபாவளிக்கு அவள் பலகாரம் இங்கே வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து அங்கே போகும். அப்படிப் பழகிய சிநேகிதம்.

"என்னாக்கா, மூஞ்சி இப்படி இருக்கு?"

விஷயத்தைக் கேட்டுக் கமலவேணி மோவாயில் கை வைத்தாள். "உங்க ஐயருக்கு வேற வேல இல்லையா? நாங்க தீபாவளிக்குச் செய்யிறதெல்லாம் எந்தப் புராணத்துல இருக்குன்னு எவன் பாக்குறான்? அந்த எடத்த விட்டுத் தொலைச்சா அவருக்கு என்னா நட்டம்?"

"அவருக்கு நட்டமில்ல, வேணி. எனக்குத்தான்," என்றாள் அன்னபாக்கியம். "அந்த எடத்த மூடிட்டா அவங்க இல்லைன்னு ஆயிரும். கல்லறையும் கெடையாது, கடுதாசியும் கெடையாது. எனக்குன்னு இருக்கிறது அந்த எடம் ஒண்ணுதான்."

கமலவேணி உள்ளே போய்க் கோப்பி கலக்கிக் கொண்டுவந்தாள்.

மறுநாள் அன்னபாக்கியம் தையல் மிஷினைத் தொடவில்லை. தைக்க வேண்டிய ரவிக்கைகள் குவிந்து கிடக்க, வேதப்புத்தகத்தை எடுத்து மத்தேயுவைப் பிரித்தாள். எப்படியும் மூன்று என்று எங்கேயாவது இருக்கும், அதை விரலை வைத்து அவரிடம் காட்டிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். நட்சத்திரம் இருந்தது. பிள்ளையைக் கொல்லத் தேடிய ஏரோது ராஜா இருந்தான். பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் இருந்தன. ஆள் கணக்கு இல்லை. அவர்கள் காணிக்கை வைத்த இடம் வந்தவுடன் புத்தகத்தை மூடிவிட்டாள். நாடகமும் அந்த இடத்தில்தானே எல்லா வருஷமும் முடியும்! ராஜாக்கள் முழங்காலிட்டதும் பாட்டு, பாட்டு முடிந்ததும் பலகாரம். அதற்கு மேலே ஒரு வரி இருக்கும் என்று அந்தச் சபையில் யாருக்கும் தோன்றியதே கிடையாது.

சனிக்கிழமை மத்தியானம் கிரீடத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனாள். போதகரின் மனைவி பாயை விரித்து உட்கார வைத்தாள். போதகர் எதிரில் வந்து உட்கார்ந்ததும் அவள் கிரீடத்தை எடுத்து நடுவில் வைத்தாள். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். நிலைப்படியில் இடித்தது, ஆர்மோனியத்தைக் கும்பிட்டது, தண்டவாளம் போனது, கூடவே அவர் போனது, திரும்பி வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னது எல்லாம்.

ஞானசிகாமணியின் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு யாருமே சொல்லலையேக்கா," என்றார். "மன்னிச்சிருங்க. அந்த இடம் அப்படியே இருக்கட்டும். கிரீடமும் இருக்கட்டும். நான் தொடமாட்டேன்."

"அதுக்காக நான் வரல, ஐயா. நீங்க சொன்னது சரிதான். நானும் தேடிப் பாத்தேன், மூணுன்னு இல்ல. அதான் எனக்கு ஆத்திரம்." கிரீடத்தின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்: "மூணு இல்லன்னா, மொத்தம் எத்தனை பேரு வந்து சேந்தாங்க?"

"தெரியாதுக்கா. எழுதல."

"கெளம்புனது எத்தனை பேரு?"

"அதுவும் எழுதல."

"அப்ப வழியில யாராச்சும் நின்னு போயிருந்தா? காச்சல் கண்டு, கால் நடக்க முடியாம, எங்கயாவது ஒரு கொட்டகையில படுத்திருந்தா? அவங்களப் பத்தி ஒண்ணுமே எழுதலையா?"

போதகர் படித்த படிப்பில் இந்தக் கேள்வியை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. தெரிந்ததுபோல் ஏதாவது சொல்லிவிடுகிற ஆளும் அவரில்லை. அந்த விஷயத்தில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும். எழுந்து போய் வேதத்தை எடுத்துவந்து அந்தப் பக்கத்தைப் பிரித்தார்.

"இருக்கலாம்கா. நிச்சயமா சொல்ல என்கிட்ட வசனம் இல்ல. காணிக்கை வச்சதுக்கு அப்புறம் ஒரே ஒரு வரிதான் இருக்கு. ஏரோதுகிட்டத் திரும்பிப் போக வேண்டாம்னு தேவன் சொப்பனத்துல எச்சரிச்சார். அவங்க வேற வழியாத் தங்கள் தேசத்துக்குத் திரும்பிப் போனாங்க. அதோட அவங்க கதை முடிஞ்சிருது."

"இன்னொருக்கா சொல்லுங்க."

அவர் சொன்னார். அன்னபாக்கியம் புத்தகத்தை வாங்கித் தானே விரல் வைத்துப் படித்தாள். காணிக்கைக்கு நேர் கீழே இருந்தது அந்த வரி. அவள் புத்தகத்தை மூடிய இடத்துக்கு அடுத்த வரி.

"ஏரோது என்னா பண்ணுனான்?"

"அவங்க வருவாங்க வருவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தான்."

"வந்த வழியையே பாத்துக்கிட்டு," என்றாள் அன்னபாக்கியம். திடீரென்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா இருக்குய்யா. நானும் ஏரோதும் ஒண்ணா உக்காந்து ஒரே ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கோம். அவங்க பாட்டுக்கு வேற வழியா ஊருக்குப் போயிட்டாங்க."

சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். போதகர் மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போதகர் கிரீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன், நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படியே நடக்கட்டும் என்றார். அவள் யோசித்துச் சொல்வதாகக் கிரீடத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். என்ன யோசித்தாளோ, பண்டிகை வருகிறவரைக்கும் அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் வழக்கம்போல அவள் வீட்டு வாசலில் கூட்டம் சேர்ந்தது. நல்லையாவும் ஆசீர்வாதமும் அங்கியோடு வந்தார்கள். போதகர் முதலில் சொன்னபடி தலையில் கிரீடம் இல்லாதது அவர்களுக்கே கூச்சமாக இருந்தது. முடி வேறு கொட்டிப்போயிருந்தது, பாவம். கழுதையும் வந்திருந்தது! பிள்ளைகள் அழுத அழுகையில் போதகர் இறங்கிவந்து, கழுதை வேதத்தில் இல்லைதான், ஆனால் கூடாது என்றும் எழுதியிருக்கவில்லை என்று ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நல்லையா தயங்கித் தயங்கி வாசற்படிக்கு வந்தார். "தங்கச்சி, ஐயா ஒன்னையே கேக்கச் சொல்லிட்டாரு. எடம் விடணுமா?"

அன்னபாக்கியம் நல்ல மெரூன் நிறப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். கையில் ஒரு சிமிழில் சாம்பிராணி வைத்திருந்தாள். கிரீடம் தகரப்பெட்டியிலேயே இருந்தது.

"வேணாண்ணே," என்றாள். "எத்தனை பேருன்னு எழுதலையாமே. வர ஆசப்படுறவங்க எல்லாரும் வரட்டும். நானும் வர்றேன்."

அவள் படியிறங்கி இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். யாரும் கால் வைக்காத இடம் அது. ஆசீர்வாதம் பெரிய ஆள், வாட்டசாட்டமான உடம்பு, சின்னப்பிள்ளை மாதிரித் தேம்பிவிட்டார். பின்னால் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். சயாமில் தம்பியை விட்டவர் வந்தார், மகனை விட்டவர் வந்தார். கமலவேணி, "நான் வரலாமா லா, அக்கா? நான் இந்துவாச்சே," என்றாள். "அந்தக் கெழக்கத்திச் சாஸ்திரிங்க மட்டும் என்ன, சபையில பேரு பதிஞ்சிட்டா வந்தாங்க? வாடி," என்று அன்னபாக்கியம் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். ரோடு அடைக்கிற மாதிரிச் சாஸ்திரிகள் கூட்டம் கோயிலுக்குப் போனது. சைக்கிளில் வந்த சீனர் ஒருவர் இறங்கி நின்று வழிவிட்டார்.

கோயிலுக்குள் பாட்டுப் பாடினார்கள். அன்னபாக்கியம் முழங்காலிட்டுச் சிமிழை வைத்தாள். எல்லாரும் பலகாரத்துக்கு எழுந்திருக்கப் போன நேரத்தில் போதகர் கையைக் காட்டி உட்கார வைத்து, அந்தக் கடைசி வரியை வாசித்தார். ஆர்மோனியத்துக்குப் பின்னால் ஒரு பக்கக்கதவு உண்டு. பெஞ்சுகளை அடுக்கி அதைப் பல வருஷமாக அடைத்து வைத்திருந்தார்கள். அன்று போதகர் சொல்லிப் பெஞ்சுகளை நகர்த்தித் திறந்திருந்தார்கள். சாஸ்திரிகள் வந்த வாசலுக்குத் திரும்பாமல் அந்தக் கதவு வழியாக வெளியே போனார்கள்.

வெளியே சந்து. வாழைமரங்கள், ஒரு கிணறு, யார் வீட்டிலோ காயப்போட்ட துணி. மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. இந்தக் கோயிலுக்கு வந்து போகத் தொடங்கி எத்தனையோ வருஷமாகியும் அந்தப் பக்கம் அவள் காலெடுத்து வைத்ததில்லை. சந்து எங்கே போய் முடிகிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் நன்றாகத்தான் இருந்தது. நடக்க நடக்க அவளுக்குப் புருஷன்மேல் இருந்த கோபம் விட்டுப்போனது. ஆமாம், அவர்மேலும் கோபம் இருந்திருக்கிறது. சொல்லாமல் போனாரே என்கிற கோபம். வழி மாற்றிப் போகச் சொன்னவர் மேலே இருக்கிற பெரியவர், இவர் என்ன செய்வார் என்று நினைத்துக்கொண்டாள்.

சந்தைச் சுற்றிக்கொண்டு எல்லாரும் மறுபடி கோயில் முற்றத்துக்கு வந்தார்கள். போதகர் முடிவு ஜெபத்துக்கு நின்றார். "நமக்கு முன்னால பரமதேசத்துக்குப் போய்ச் சேர்ந்தவங்களுக்காக நன்றி சொல்லுவோம். உங்களில் யாருக்காவது ஒரு பேரைச் சொல்ல விருப்பமிருந்தா சொல்லுங்க," என்றார்.

தம்பியை விட்டவர் தம்பி பேரைச் சொன்னார். மகனை விட்டவர் மகன் பேரைச் சொன்னார்.

நல்லையா அன்னபாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்குப் பதில் தான் சொல்லட்டுமா என்று கண்ணாலேயே கேட்டார். பெண்சாதி புருஷன் பேரைச் சொல்லக்கூடாது. சொன்னால் அவன் ஆயுசு குறைந்துபோகும். ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தின விசேஷம் வரைக்கும் தேடினாலும் அப்படி ஒரு வசனம் கிடைக்காது. ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தப் பேரை உச்சரித்ததில்லை. பக்கத்தில் இருந்தபோதும் இல்லை, சயாமிலிருந்து திரும்பியவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஓடிப்போய் அவரைப் பற்றி விசாரித்தபோதும் இல்லை. "எங்க வீட்டுக்காரங்க, நெட்டையா இருப்பாங்க" என்றுதான் கேட்டாள். எங்கேயோ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறவருக்குத் தன்னால் ஒரு நாள்கூடக் குறைந்துவிடக்கூடாது என்று அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாள்.

நல்லையாவைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"வேதமாணிக்கம்," என்றாள்.

முதல் தரம் சரியாகக் கேட்டிருக்காது என்று நினைத்தாளோ என்னவோ, முற்றத்தின் கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னாள்: "வேதமாணிக்கம்."

சபை ஆமென் என்றது. அதற்கப்புறம்தான் அவள் தன் புருஷனுக்காக வாய்விட்டு அழுதாள்.